வடிந்த பிறகும் ஏறிய வெள்ளம்

எங்கள் ஊரில் எதிர்க்கரையை ஆகாத கரை என்பார்கள். எதிர்க்கரையில் எங்களைச் சொல்வார்கள். நான் மாரியன்பாக்கில் பிறந்து, ஆற்றைத் தாண்டி நீடர்ஃபெல்ஸில் வாழ்க்கைப்பட்டவள். ஆகவே எந்தப் பக்கம் நின்றாலும் நான் ஆகாத கரைக்காரிதான். என் வீட்டுக்காரர் லோதார் காலமான பிறகு, ரைன் ஆற்றில் கார்களையும் ஆட்களையும் ஏற்றிப் போகும் படகு என் பொறுப்புக்கு வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து பாலம் கட்டப் போகிறோம் என்பார்கள். சொல்லிவிட்டு, திரும்பிப் போக என் படகுக்காகத்தான் காத்து நிற்பார்கள்.

கரைக்கு ஒன்றாக இரண்டு சாப்பாட்டு விடுதிகள். மாரியன்பாக் கரையில் ‘நங்கூரம்’, என் அண்ணன் ஆர்னோவுடையது. நீடர்ஃபெல்ஸ் கரையில் ‘சால்மன்’, என் கொழுந்தன் கூனிபெர்ட்டுடையது. மலைகள் இரண்டும் நெருக்கிப் பிடித்திருக்கும் இடம் என்பதால், ஒருவன் தன் வாசலில் உட்கார்ந்தால் கண்ணில் படுவது அடுத்தவன் வாசல்தான். அங்கே எத்தனை மேசை காலி, சமையலறைக் கழிவை யார் எங்கே கொட்டினார்கள் என்பதெல்லாம் இருவருக்கும் அத்துப்படி. இருவரிடமும் பைனாகுலர் உண்டு. பறவை பார்ப்பதற்காம்.

தொண்ணூற்று மூன்றில் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. லோதாரும் நானும் படகைக் காப்பாற்ற அதை மேலே இருக்கிற துறைமுகத்துக்கு ஓட்டிப் போய்விட்டோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் ஊர் திரும்பினோம். அடுத்த கோடையில் மாவட்டத்திலிருந்து இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு பித்தளைத் தகடு கொடுத்தார்கள். வருடம் எழுதி, அடியில் ஒரு கோடு. தண்ணீர் நின்ற உயரத்தில் கோடு வருகிற மாதிரி சுவரில் அடித்துக்கொள்ள வேண்டும். கூனிபெர்ட் ஏணி போட்டு ஏறி, ஒயின் பீப்பாய் வண்டி போகிற வளைவு வாசலுக்கும் மேலே அடித்தான். வாசலே முழுகியிருந்தால் சாப்பாட்டு அறையில் தொங்குகிற மான்கொம்பில் தூசி கூடக் கலையாமல் இருப்பது எப்படி என்று நான் அப்போதே கேட்டேன். நீங்கதான் ஊர்லயே இல்லையே அண்ணி என்றான்.

ஒரு வாரத்தில் ஆர்னோ தன் தகட்டை அதைவிட ஒரு முழம் உயரத்தில் அடித்தான். ஆறு ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் ரோஷம் இரண்டாயிற்றே. வெள்ளையடிக்கும் சாக்கில் இவன் கொஞ்சம் ஏற்றுவான். ஜன்னல் மாற்றும் சாக்கில் அவன் கொஞ்சம் ஏற்றுவான். தண்ணீர் வடிந்து எத்தனையோ வருடமாகியும் வெள்ளம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஊரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விடுவார்களா? தகடு ஏற ஏற அவரவர் வீரமும் அல்லவா ஏறியது. ரொட்டிக்கடை வென்டெலின் ஆரம்பத்தில் மாவு மூட்டையைத் தோளில் சுமந்து தண்ணீரில் நடந்ததாகச் சொல்வான். தகடு இரண்டு தடவை ஏறிய பிறகு அதே மூட்டையோடு நீந்தினான். நனைந்த மாவை என்ன செய்தாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹெட்விக் தன் கோழிகளை மாடிக்கு ஏற்றினாள். பிறகு கூரைக்கு ஏற்றினாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கோழிகள் மலை உச்சிக்கே போயிருக்கும்.

இவையெல்லாவற்றுக்கும் மகுடம் கூனிபெர்ட்டின் கதை. நிறைமாதமாக இருந்த மனைவி மெக்டில்டை முதுகில் சுமந்து, ஐஸ் போன்ற தண்ணீரில் நீந்தி, மேல்தெருவில் நின்ற ஆம்புலன்ஸில் சேர்த்தானாம். அன்று மாலையே மகள் ஸ்வென்யா பிறந்தாள். கதையைக் கேட்ட விருந்தாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு குவளை ரீஸ்லிங் ஒயின் கேட்பார்கள். அந்த நேரம் மெக்டில்ட் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டச்சுக்காரர் என் படகில் நடு ஆற்றில் நின்று இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த வருடம் ஆறு சாய்ந்து ஓடியதா என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்றே இரண்டு பேரையும் கூப்பிட்டு, தகடுகள் ஒரே மட்டத்துக்கு வரவில்லையென்றால் உங்கள் விருந்தாளிகள் இனிமேல் நீந்தித்தான் வர வேண்டும் என்றேன். இறக்கச் சொன்னால் இரண்டு பேரும் கேட்கவில்லை. சரி, ஏற்றியாவது சமமாக்குங்கள் என்று, சாலைக் காண்ட்ராக்டர் ஒருவரின் மட்டக்கருவியைக் கொண்டுவந்து, விரல்கடை வித்தியாசமில்லாமல் மாடி ஜன்னலுக்குக் கீழே அடிக்க வைத்தேன். சமாதானம் செய்து வைத்தேன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இந்த இலையுதிர் காலத்தில்தான் அந்தப் பெருமைக்கு ஆப்பு விழுந்தது. ஸ்வென்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கோப்லென்ஸ் நகரத்துக்காரன், சமையல்காரன், நல்ல பையன். சால்மனுக்குப் பின்னால், மலைச்சரிவை ஒட்டி ஒரு பழைய பீப்பாய்க் கொட்டகை இருக்கிறது. அதை வீடாக மாற்றிக்கொண்டு அப்பாவுக்குப் பிறகு விடுதியை நடத்துவதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு அரசாங்க அனுமதி கிடைக்காவிட்டால் கோப்லென்ஸில் ஒரு ஹோட்டலில் இருவருக்கும் வேலை, மேலேயே வீடு. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கூனிபெர்ட்டுக்கு அவள் ஒரே பிள்ளை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவன். அதற்குப் பதிலாகக் கொட்டகையை தினமும் பெருக்கினான்.

திங்கட்கிழமை திருமதி ஓஸ்டர்காம்ப் வந்தார். வெள்ளம் வரக்கூடிய இடங்களைப் புதிதாக வரைபடத்தில் குறிக்கிற அதிகாரி. வடக்கே கடலோரத்துக்காரர், தட்டையான ஊரில் வளர்ந்தவர். மலையைப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே வழியில் வைத்துவிட்டுப் போன மாதிரி முகம் சுளிப்பார். சால்மனுக்குப் பக்கத்தில் ஓடை வந்து ஆற்றில் விழும் இடத்தில் கணக்கு சரியாக வரவில்லை, அதனால் பழைய அடையாளம் ஏதாவது வேண்டும் என்றார். கூனிபெர்ட் பெருமையாகத் தகட்டைக் காட்டினான். அன்று காலைதான் அதற்குப் பாலிஷ் போட்டிருந்தான்.

அவர் அளவுக் கருவியை நிறுத்தி வைத்து இந்தத் தகட்டைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி அக்கரைத் தகட்டைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ரெண்டு ஊருக்கும் ஆகவே ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். ஆனா ரெண்டு தகடும் ஒரே மட்டத்துல நிக்குது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்க கிடைக்கும்?”

“பின்னே? நாங்க என்ன பொய் சொல்ற ஆளுங்களா மேடம்?” என்றான் கூனிபெர்ட். மேசைகளில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். வென்டெலின் மாவு மூட்டைக் கதையை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினான்.

“அப்படின்னா உங்க கொட்டகைக்குள்ள ஒரு ஆள் உயரத்துக்கு மேல தண்ணி நின்னிருக்கு. அங்க யாரையும் குடிவைக்க அனுமதி தர முடியாது. மன்னிச்சுக்கணும்.”

கூனிபெர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தட்டு ஏந்திக்கொண்டு வந்த ஸ்வென்யா அப்படியே நின்றுவிட்டாள். பொய் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம். ஆனால் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது, அக்கரையில் ஆர்னோ பறவை பார்த்துக்கொண்டிருக்கிறான். கூனிபெர்ட், வெங்காய கேக் சாப்பிடுகிறீர்களா மேடம் என்று கேட்டான்.

அதிகாரி திரும்பும்போது படகில் நானே அவரிடம் உடைத்துச் சொன்னேன். இரண்டு தகடும் புளுகு, சமமாக்கியது நான் என்றேன். அவர் நம்பவில்லை. கட்டட அனுமதி என்று வந்துவிட்டால் வெள்ளத்தை வாய்க்கு வந்தபடி இறக்குகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். கடைசியில், பார்த்துக் களைத்த மனுஷி என்பதால், ஒரு வழி சொன்னார். வியாழக்கிழமை திரும்ப வருவார். கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு கரையிலிருந்தும் வந்து, தண்ணீர் எங்கே நின்றது என்று அவர் முன்னால் காட்ட வேண்டும். ஒத்துவந்தால் தகட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். ஒத்துவராவிட்டால் தகடு சொன்னதுதான்.

நேரே நங்கூரத்துக்குப் போனேன். ஆர்னோ விஷயத்தைக் கேட்டுத் தொப்பை குலுங்கச் சிரித்தான். இத்தனை வருஷம் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியவில்லையா, நான் ஏன் இறக்கணும், என் தகட்டுக்கு என்ன குறைச்சல் என்றான். கப்பல் விருந்தாளிகள் என் தகட்டுக்குக் கீழேதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றான். அனுமதி கிடைக்காவிட்டால் ஸ்வென்யா கோப்லென்ஸுக்குப் போய்விடுவாள் என்றேன்.

சிரிப்பு நின்றது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தான்.

“அந்தப் பொண்ணுக்காகன்னா வர்றேன் ரோஸி. அவனுக்காக இல்லை.”

அவனுக்கு அவள் மேல் இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் கிண்டல்தான் பதிலாக வரும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மாரியன்பாக்கிலிருந்து ஒரு படகு நிறைய ஆட்களை ஏற்றிவந்தேன். சாட்சி சொல்ல வந்தவர்கள் பாதி, சண்டை பார்க்க வந்தவர்கள் பாதி. சால்மனின் வளைவு வாசலுக்குள்ளே, மாடிப்படி இறங்கும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள். திருமதி ஓஸ்டர்காம்ப் அளவுகோலும் சாக்பீசுமாக நின்றார். தண்ணீர் உடம்பில் எதுவரை வந்தது என்று ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டச் சொன்னார்.

வென்டெலின் பழக்க தோஷத்தில் கழுத்தைத் தொட்டான். ஸ்வென்யா அவனை ஒரு பார்வை பார்த்தாள். கை மெதுவாக நெஞ்சுக்கு இறங்கியது. அப்போதுதான் அவனுக்குத் தன் வீட்டுப் பின்புறம் கட்ட நினைத்த கார் ஷெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை இடுப்பைத் தாண்டி முழங்காலில் போய் நின்றது. ஹெட்விக்குக்குத் தோட்டத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டும் ஆசை. தனக்குக் கணுக்கால் அளவுதான் என்றாள். அப்படியானால் கோழிகளை ஏன் கூரைக்கு ஏற்றினாய் என்று யாரோ கேட்டார்கள். காற்று வாங்கட்டும் என்றுதான் என்றாள்.

மாரியன்பாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உங்களுக்குக் கணுக்கால் என்றால் எங்களுக்குச் செருப்பின் அடி மட்டும்தான் நனைந்தது என்றார்கள். நீடர்ஃபெல்ஸ்காரர் ஒருவர் எழுந்து, தான் அன்றைக்கு செருப்பே போடவில்லை, கால் காய்ந்துதான் இருந்தது என்றார். இத்தனை வருடம் யார் வெள்ளம் பெரியது என்று அடித்துக்கொண்டவர்கள், அரை மணி நேரத்தில் யார் வெள்ளம் சின்னது என்று அடித்துக்கொண்டார்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“சரி, தொண்ணூத்தி மூணுல இங்க வெள்ளமே வரலை. லேசா தூறல் போட்டிருக்கு. அப்படித்தானே?” என்றார் திருமதி ஓஸ்டர்காம்ப். அவர் சாக்பீஸைப் பெட்டியில் போட்டு மூடினார். இந்தக் கூத்துக்குத் தகடுகள் எவ்வளவோ மேல், அவையாவது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்றார்.

ஸ்வென்யா அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் நடந்தாள். கோப்லென்ஸுக்குத்தான் பேசப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“இரும்மா” என்றான் கூனிபெர்ட்.

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரிய உடம்பு, அன்றைக்குச் சட்டை தொளதொளவென்று தெரிந்தது. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

“தண்ணி வாசலுக்கு மேல போகலை. வளைவுக்குள்ள ஒரு படகு வந்துச்சு. உட்கார்ந்த ஆள் உட்கார்ந்தபடி வந்தான், தலை கூட இடிக்கலை. மெக்டில்டை நான் தூக்கிட்டுப் போகலை. அந்தப் படகுலதான் அவ போனா. அதை ஓட்டிட்டு வந்தது...”

அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டி வந்தது. எங்கள் ஊரில் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் தண்டவாளம். வண்டி வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்துவார், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். பாதிரியார் கூட ஆசீர்வாதத்தை நடுவில் நிறுத்தி வைப்பார். அன்றைக்கு வந்த வண்டிக்கு வாலே கிடையாது போலிருந்தது. கார்கள் ஏற்றிய பெட்டி, எண்ணெய் டாங்கி, மறுபடி கார்கள் ஏற்றிய பெட்டி. வென்டெலின் பொறுக்க முடியாமல் கூனிபெர்ட்டின் வாயருகே காதைக் கொண்டுபோனான். ஹெட்விக் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மெக்டில்ட் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கூனிபெர்ட் நினைத்திருந்தால் அந்த இடைவெளியில் வேறு பெயர் யோசித்திருக்கலாம்.

“ஆர்னோ” என்றான், கடைசிப் பெட்டி போனதும்.

நான் என் அண்ணனைப் பார்த்தேன். அவன் மேலே வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே ஏதோ பறவை உட்கார்ந்திருக்கிற மாதிரி.

“நீ எங்கப்பா இருந்தே?” என்று ஸ்வென்யா கேட்டாள்.

“கொட்டகையில. பீப்பாயை எல்லாம் மேல ஏத்திக்கிட்டிருந்தேன். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு. உங்கம்மா கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. இதோ வர்றேன்னு சொன்னேன். வரலை. வெளிய வந்தப்ப படகு வாசலைத் தாண்டிப் போயிட்டிருக்கு.” அவன் மூக்கை உறிஞ்சினான். “அதான் தகட்டை வாசலுக்கு மேல அடிச்சேன். வாசலே முழுகிடுச்சுன்னா, படகு உள்ள வந்துச்சுன்னு எவனும் சொல்ல முடியாதில்ல.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பது வருடமாக அந்தக் கதையை எத்தனை விருந்தாளிகளுக்கு நானே திருப்பிச் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் செய்ததை என் கொழுந்தன் பெயரில் போட்டு, அதையும் என் வாயாலேயே விற்க வைத்திருக்கிறான். நான் எழுந்தேன். ஆனால் மெக்டில்ட் முந்திக்கொண்டாள்.

“பீப்பாய் ஒண்ணு கூட நனையலை. அதையும் சொல்லிடு” என்றாள் புருஷனிடம். “அவ்வளவு அக்கறையா பார்த்துக்கிட்டே.” சொல்லிவிட்டு அவன் கைப்பிடியைப் பிடித்திருந்த கைமேல் தன் கையை வைத்தாள். மனுஷிக்கு அப்படியும் வரும் இப்படியும் வரும்.

திருமதி ஓஸ்டர்காம்ப் பெட்டியை மறுபடி திறந்தார். இந்த ஊரில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டேன் என்று சொல்லி, மெக்டில்டைச் சமையலறைக்கும் ஆர்னோவை முற்றத்துக்கும் அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரிடமும் தனித்தனியாக, தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று கேட்டார். மெக்டில்ட் நின்றிருந்த படி நாலாவது. அவள் செருப்பு நனையவில்லை, அதற்குக் கீழ்ப்படி முழுகியிருந்தது. ஆர்னோ படகை அந்தப் படியோடு அணைத்துத்தான் அவளை ஏற்றினான். கூனிபெர்ட் மறுநாள் காலை அந்தப் படியில்தான் உட்கார்ந்து அழுதிருக்கிறான். மூன்று பேரும் அதே படியைத்தான் சொன்னார்கள். அளந்து பார்த்தார். கொட்டகையின் தரை அதற்கு எவ்வளவோ மேலே இருந்தது.

வென்டெலினுக்கு இன்னும் சந்தேகம். இதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்டான், காரியத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவன்.

“ஒரு ஆம்பளை பொய் சொன்னா தன்னைப் பத்திப் பெருசா சொல்லுவான். இவ்வளவு கேவலமா சொல்ல மாட்டான்” என்றார் திருமதி ஓஸ்டர்காம்ப். கொட்டகைக்கு இனிமேல் தடையில்லை என்று தன் அறிக்கையில் சொல்வதாகவும் சொன்னார். வெங்காய கேக் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்.

ஸ்வென்யா போனைப் பைக்குள் போட்டாள். அப்பாவிடம் போகவில்லை. நேரே முற்றத்துக்கு ஆர்னோவிடம் போனாள். நாங்கள் எல்லோரும் கூச்சமே இல்லாமல் பின்னால் போனோம்.

“மாமா, அந்தப் படகுல நான் அழுதேனா?”

“நீ எங்க அழுதே. நீதான் இன்னும் வெளியவே வரலையே. உங்கம்மாதான் அழுதா. அழுகைக்கு நடுவுல, துடுப்பு போடத் தெரியலைன்னு என்னைத் திட்டிக்கிட்டே வந்தா.”

“தெரியலைதான்” என்றாள் மெக்டில்ட் ஜன்னல் வழியாக.

ஸ்வென்யா அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கூனிபெர்ட் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கனவே பெருக்கிய கொட்டகையைப் பெருக்கப் போய்க்கொண்டிருந்தான். அவளும் பின்னாலேயே போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒட்டுக்கேட்க வசதியாக நின்ற ஹெட்விக் ஒன்றும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். ஹெட்விக் சத்தியம் செய்வது எப்போது என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் மாரியன்பாக் கூட்டத்தைத் திரும்ப ஏற்றினேன். ஆர்னோ சுக்கான் அறைக்குள் வந்து, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். ஏன் இத்தனை வருடம் என்னிடம் கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா அவன் அந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? பொண்டாட்டியை விட்டுட்டு பீப்பாயைக் காப்பாத்துனவன் விடுதிக்கு எவன் வருவான்?” பிறகு சொன்னான்: “அவன் தகட்டை அங்க அடிச்சதைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. சரி, பொய்யில கூட அவன் தனியா இருக்க வேண்டாம்னு நானும் ஒரு முழம் ஏத்துனேன்.”

“முழம் ஏத்துனது அவனுக்குத் துணைக்கா? வெறுப்பேத்துறதுக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

“சரி, அன்னிக்கு அந்தத் தண்ணியில எதுக்கு இந்தக் கரைக்கு வந்தே? அறிவிருக்கா உனக்கு?”

“போன் வேலை செய்யலை. நீ உசிரோட இருக்கியான்னு பார்க்க வந்தேன். வீட்டுல ஆளே இல்லை.”

அந்த ஆற்றை நான் அறிவேன். அந்த நாளில் அதில் சின்னப் படகோடு இறங்குகிறவன் திரும்பி வருவது சந்தேகம். எனக்காக இறங்கியிருக்கிறான். நான் அப்போது துறைமுகத்தில், சூடான சூப் குடித்துக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஆறு தாண்டியபோது நீடர்ஃபெல்ஸ் கரையிலிருந்து ஒரு சத்தம். பார்த்தால் கூனிபெர்ட் தண்ணீர் ஓரத்துக்கு வந்து நிற்கிறான். பக்கத்தில் ஸ்வென்யா, பின்னால் ஊர். வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக் கத்தினான்.

“ஆர்னோ, ரொம்ப நன்றிடா.”

மாரியன்பாக் பக்கத்துப் பாறை அதை வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, திருப்பி அனுப்பியது. நன்றிடா என்று அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்தது. நங்கூரத்தின் வாசலில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரொலியைத் தங்கள் கரைக் குரல் என்று நினைத்து, நம் ஆள் ஏன் கூனிபெர்ட்டுக்கு நன்றி சொல்கிறான் என்று எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஆர்னோ திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றான். அதில் அவன் முகம் தெரிந்தது, கண்ணை எதற்கோ வேகவேகமாகச் சிமிட்டினான்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டான்.

“காது கேட்கலையா உனக்கு?”

“இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விழலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு.”

நான் நடு ஆற்றில் இஞ்சினை நிறுத்தினேன்.